பிஆர்எம் ரைடுக்கு முந்தைய இரண்டு வாரம்: கால் கனக்கிறது, எடை ஏறுகிறது, தூக்கம் வரவில்லை… என்ன செய்வது?

பிஆர்எம், அதாவது பிரெவே, என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள் ரைடு. அதற்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைப்பதுதான் டேப்பர். அப்படிக் குறைத்ததும் உடம்பு புகார் சொல்ல ஆரம்பிக்கும். அதில் பெரும்பாலானவை ஓய்வு வேலை செய்வதன் அடையாளம்தான். ஆனால் அதைக் கோளாறு என்று நினைத்து, "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம்" என்று வியாழக்கிழமை 100 கிமீ போய் வருகிறவர்கள் சனிக்கிழமை பாதி வழியில் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம், உண்மையான காய்ச்சலை "டேப்பர்னா இப்படித்தான்" என்று ஒதுக்கிவிட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை. 200, 300, 400, 600 கிமீ பிரெவேக்களை மனதில் வைத்து எழுதியது. இவற்றின் நேர வரம்பு முறையே 13½, 20, 27, 40 மணி நேரம். இது பந்தயம் அல்ல. ஆகவே உச்ச வேகம் தேவையில்லை. களைப்பில்லாத கால், நிரம்பிய எரிபொருள், தூக்கக் கடன் இல்லாத தலை, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

முதலில், சரியான டேப்பர் எப்படி இருக்கும்

2007இல் லாரன்ட் போஸ்கே குழுவினர் டேப்பர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம், தூரத்தில் 41 முதல் 60 சதவீதம் குறைப்பு, தீவிரத்திலும் வாரத்தில் ஓட்டும் நாட்களிலும் கை வைக்காமல் இருப்பது: இதுவே நன்றாக வேலை செய்தது. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு நாலு நாள் தொடுவதே இல்லை. அப்புறம் ஒரு நாள் ஆவேசமாக ஓட்டுவது.

வாரம் 5 நாள், 220 கிமீ ஓட்டுகிறவர் சனிக்கிழமை 600க்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொண்டால்:

முந்தைய வாரம்: அதே 5 நாள், மொத்தம் 140 கிமீ. ஞாயிறு நீண்ட ரைடு 60 கிமீயோடு நிற்கட்டும். நடுவில் ஒரு நாள் 4 நிமிடம் வீதம் 4 தடவை நன்றாக மூச்சு வாங்கும்படி மிதிக்கலாம்.

கடைசி வாரம்: திங்கள் ஓய்வு. செவ்வாய் 30 கிமீ, அதற்குள் 1 நிமிட வேகம் 5 தடவை. புதன் 20 கிமீ, சும்மா காலாட்டுவது போல. வியாழன் 15 கிமீ அல்லது ஓய்வு. வெள்ளி காலை பையெல்லாம் கட்டி, விளக்கு பொருத்திய அதே சைக்கிளில் 15 கிமீ, 30 விநாடி வேகம் மூன்று தடவை. அத்தோடு சரி.

200க்குக் கடைசி வாரம் மட்டும் போதும். 300க்கு எட்டு முதல் பத்து நாள். சூப்பர் ரேண்டனர் தொடரில் (ஒரே சீசனில் 200, 300, 400, 600 நான்கையும் முடிப்பது) 400 முடித்து இரண்டே வாரத்தில் 600 வருகிறது என்றால் பயிற்சி என்ற பேச்சே வேண்டாம். அந்த 400தான் பயிற்சி. முதல் நாலைந்து நாள் தேறுவதற்கு, மீதி நாட்கள் சின்னச் சின்ன ரைடுக்கு.

டேப்பர் தொடங்கும் நாளிலிருந்து மூன்றைக் குறித்து வையுங்கள்: படுக்கையிலிருந்து எழும் முன் நாடித்துடிப்பு, காலைக்கடன் முடித்ததும் எடை, தூங்கிய மணி நேரம். நாடித்துடிப்பை மட்டும் முடிந்தால் ஒரு வாரம் முன்பிருந்தே எடுங்கள். உங்கள் வழக்கமான அளவு தெரியாமல் கீழே இருப்பது எதுவும் உதவாது.

"கால் கல்லாகக் கனக்கிறது"

டேப்பரில் வரும் முதல் புகார் இதுதான். மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் வரும். மாடிப்படி ஏறும்போதே தெரியும். காரணம் ஒன்றல்ல. தசையில் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) அதோடு சேர்ந்த தண்ணீரும் நிறைகின்றன. பல நாள் அடிபட்ட தசை நார்கள் பழுது பார்க்கப்படுகின்றன. முழு ஓய்வு எடுத்தவர்களுக்குச் சில நாட்களிலேயே ரத்த பிளாஸ்மா அளவு இறங்கத் தொடங்கிவிடும். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நம் தப்பு.

எது என்று கண்டுபிடிக்க 40 நிமிடம் போதும். சமதரையில் லேசான கியரில் 15 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு உட்கார்ந்தபடியே நிமிடத்துக்கு 95 முதல் 100 சுற்று, மூச்சு வாங்கும் அளவுக்கு, 1 நிமிடம். 2 நிமிடம் தளர்வு. இதையே மூன்று தடவை. மீதி நேரம் மெதுவாக வீடு திரும்புங்கள்.

முதல் நிமிடம் கனமாகவும் மூன்றாவது நிமிடம் பரவாயில்லை என்றும் இருந்தால் எந்தக் கோளாறும் இல்லை. திட்டத்தைத் தொடருங்கள். சோதனை ரைடு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது நிமிடத்திலும் கால் மறுக்கிறது, நாடித்துடிப்பும் ஏற மாட்டேன் என்கிறது, அதாவது வழக்கமாக 155 தொடும் உழைப்பில் 140ஐத் தாண்டவில்லை என்றால், பழைய களைப்பு இன்னும் போகவில்லை. டேப்பரைத் தாமதமாக ஆரம்பித்திருக்கிறீர்கள், அல்லது அதற்கு முந்தைய வாரம் அளவு மீறிவிட்டது. இரண்டு நாள் முழு ஓய்வு, தட்டில் சோறு கொஞ்சம் கூடுதல், இரவில் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். மூன்றாம் நாள் அதே சோதனை. அப்போதும் அப்படியே இருந்தால் மிச்ச நாட்களில் வேகப் பகுதிகளை மொத்தமாக எடுத்துவிட்டு வெறும் 20 நிமிட ரைடுகளோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. மெதுவாக ஓட்டும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 10, 15 கூடுதலாக அடிக்கிறது. அங்கேயே திரும்பிவிடுங்கள். நீர்ச்சத்துக் குறைவு, வெயில், தூக்கமின்மை, வரப்போகும் காய்ச்சல் இவற்றில் ஒன்று.

இன்னொரு காரணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பயிற்சியில் மிச்சமான நேரத்தில் பரண் சுத்தம் செய்வது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது, தி.நகரில் நாலு மணி நேரம் நின்று துணி எடுப்பது. சைக்கிளை விட்ட காலுக்கு இதுவும் வேலைதான். ஓய்வு என்றால் உட்காருவது.

"காலையில் நாடித்துடிப்பு கூடியிருக்கிறது"

ஒரு நாள் மட்டும் 5 கூடினால் பொருட்படுத்த வேண்டாம். இரவு பதினோரு மணிக்குச் சாப்பாடு, மது, கரண்ட் போன இரவு, கொசு, அலுவலகச் சண்டை எல்லாமே இந்த அளவுக்கு ஏற்றும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சுமார் இரண்டு வாரம் ஓய்வு நாடித்துடிப்பு இயல்பாகவே சில துடிப்புகள் கூடியிருக்கும். உடல் வெப்பமும் சற்று அதிகம். சென்ற மாதம் இதே கட்டத்தில் இருந்த அளவோடு ஒப்பிடுங்கள், போன வாரத்தோடு அல்ல.

தொடர்ந்து இரண்டு நாள் 7 முதல் 10 கூடுதல் என்றால் அன்றைய வேகப் பகுதியை விட்டுவிட்டு வெப்பமானியை எடுங்கள். மூன்றாம் நாளும் தொடர்ந்து, உடம்பு வலியும் சேர்ந்தால் கீழே காய்ச்சல் பகுதிக்குப் போங்கள்.

கைக்கடிகாரம் "உங்கள் தயார்நிலை 41" என்று காட்டுவதைக் கடைசி இரண்டு நாள் பார்க்காமல் இருப்பதே நல்லது. பதற்றமே அந்த எண்ணைக் குறைக்கும். எண்ணைப் பார்த்துப் பதற்றம் கூடும்.

"எடை ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது"

ஏற வேண்டும். ஏறாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நன்றாக நிரம்பிய தசைகளில் 300 முதல் 500 கிராம் கிளைகோஜன் இருக்கும், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. பாதி காலியாக இருந்த கிடங்கு நிரம்பினால் தராசில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூடும். அது கொழுப்பு அல்ல. ரைடின் முதல் பாதியில் எரிபொருளாகவும் வியர்வையாகவும் போய்விடும்.

இங்கே நடக்கும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததே. எடையைப் பார்த்துப் பயந்து, "ஓட்டவே இல்லை, சோறு எதுக்கு" என்று இரவு இரண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொள்வது. அதன் விளைவு சனிக்கிழமை மதியம் தெரியும்: 120 கிமீக்கு மேல் தலை கிறுகிறுக்கும், எரிச்சல் வரும், கண்ட்ரோலில் (வழியில் வருகையைப் பதிவு செய்யும் இடம்) உட்கார்ந்தால் எழ மனசு வராது. அங்கே வாழைப்பழம் தின்று முழுக்கச் சரி செய்ய முடியாது.

கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது, அல்லது மூன்று கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

"சாப்பிட்டது சேரவில்லை, வயிறு உப்புசம்"

கார்ப் லோடிங் (ரைடுக்கு முன் மாவுச்சத்தை நிரப்பிக்கொள்வது) என்ற பெயரில் வெள்ளிக்கிழமை இரவு பிரியாணிக் கடைக்குப் போகும் வழக்கம் ஒழிய வேண்டும். பிரியாணியில் மாவுச்சத்து இருக்கிறது, கூடவே எண்ணெயும் கறியும் மசாலாவும் இருக்கின்றன. வயிறு நிறைந்துவிடும், கிடங்கு நிறையாது. பரோட்டா சால்னாவுக்கும் இதே தீர்ப்பு.

நிரப்புவதை வியாழன் மாலையிலிருந்து தொடங்கி 36 மணி நேரத்துக்குப் பரப்புங்கள். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 கிராம் மாவுச்சத்து நல்ல இலக்கு. 10 வரை போகலாம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 480 கிராம். இது பலர் நினைப்பதைவிட அதிகம். ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: காலை 6 இட்லி, 2 வாழைப்பழம் (90 கிராம்). பதினொரு மணிக்கு 4 துண்டு பிரெட், ஜாம் (75). மதியம் 400 கிராம் வெள்ளைச் சோறு, ரசம், கொஞ்சம் தயிர் (120). மாலை 5 பேரீச்சம்பழம், 1 வாழைப்பழம் (50). இரவு எட்டு மணிக்குள் தயிர் சாதம், 350 கிராம் சோற்றில் (100). நடுவில் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் (25). கூட்டினால் 460. இன்னொரு வாழைப்பழத்தோடு இலக்கைத் தொட்டுவிடும். சோறு வேகவைத்த எடை. 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. வீட்டுத் தராசில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், கரண்டிக் கணக்கு பிடிபட்டுவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் மருத்துவரிடம் காட்டாமல் பின்பற்றக் கூடாது.

உப்புசத்துக்கு முக்கியக் காரணம் நார்ச்சத்து. வியாழன் மதியத்தோடு கீரை, கொண்டைக்கடலை, சுண்டல், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி சாலட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சிறுதானியப் பிரியர்களுக்கு இது மனவருத்தம் தரும். தினையும் வரகும் நல்ல உணவுதான்; 36 மணி நேரத்துக்கு மட்டும் அவற்றுக்கு விடுப்பு கொடுங்கள்.

மலச்சிக்கல் வந்தால் மலமிளக்கி மாத்திரை வேண்டாம், அது சனிக்கிழமை காலை ஈசிஆரில் வேலை செய்யும். ஓட்டம் குறைந்ததால் குடலும் மந்தமாகியிருக்கும். காலையில் வெந்நீர், சாப்பிட்டதும் 15 நிமிட நடை, புதன் வரை பப்பாளி. அது போதும்.

வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஓஆர்எஸ். 20.5 கிராம் பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை பாக்கெட்டைக் கண்ணளவில் பாட்டிலில் கொட்டுவது பயன்தராது. ரைடுக்கு 24 மணி நேரம் முன்பு நின்று, சாப்பிட்டது தங்கி, சிறுநீர் வழக்கம் போல் போனால் கிளம்பலாம். மாத்திரை போட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு கிளம்புவது வேண்டாம். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் ரைடு கிடையாது, மருத்துவமனைதான்.

"இரவெல்லாம் சிறுநீர் போகிறது"

வெள்ளிக்கிழமை 5 லிட்டர் தண்ணீர் குடித்தவர்களின் புகார் இது. தண்ணீரை முன்கூட்டியே சேமிக்க உடம்பில் தொட்டி இல்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். தண்ணீர் போலவே தெளிந்திருந்தால் அளவு மீறுகிறது, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகவும் வழி செய்கிறது. சாப்பாட்டோடு உப்பு போட்ட மோர் இரண்டு டம்ளர் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள்.

"தூக்கம் வரவில்லை"

வெள்ளி இரவுத் தூக்கத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். காலை 6 மணிக்குத் தொடக்கம் என்றால் மூன்று, மூன்றரைக்கு எழ வேண்டும். அலாரம் அடிக்காதோ என்ற பயத்தில் இரண்டு மணிக்கே விழிப்பு வரும். அது எல்லோருக்கும் நடப்பது. உங்களைத் தாங்குவது அதற்கு முந்தைய நாலைந்து இரவுகள். முந்தைய ஞாயிறு முதலே படுக்கும் நேரத்தைத் தினமும் 20 நிமிடம் முன்னே தள்ளுங்கள். வழக்கமாக 11 மணிக்குப் படுப்பவர் வெள்ளியன்று 9 மணிக்கு வந்துவிடலாம். மதியம் 20 முதல் 30 நிமிடம் கண்ணயர முடிந்தால் அதையும் சேருங்கள்.

200க்கு இது ஓரளவுதான் முக்கியம். 600க்கு அப்படியல்ல. சனி காலை ஆறுக்குக் கிளம்பினால் ஞாயிறு இரவு பத்து மணி வரை நேரம் இருக்கிறது, நடுவில் கிடைக்கும் தூக்கம் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் பெரிது. அந்த வாரத்தில் தினமும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டுப் போகிறவருக்கு ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரியும். லாரிகள் போகும் நெடுஞ்சாலையில் அது உயிர் விஷயம்.

தூக்க மாத்திரை வேண்டாம். சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்டிரிசின் வகை மாத்திரைகளும் மறுநாள் மந்தம் தரக்கூடும். தூக்கம் வராவிட்டால் போனைத் தள்ளி வைத்துவிட்டு இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருங்கள். அதுவும் ஓய்வுதான்.

"காலையிலிருந்து தலைவலி"

புதன் வாக்கில் தலைவலி வந்தால் முதல் கேள்வி: காபியை நிறுத்தினீர்களா? ரைடு அன்று காபி நன்றாக வேலை செய்யட்டும் என்று ஒரு வாரம் முன்பே விடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஒரு வாரம் வரைகூட நீடிக்கும். தினமும் குடிப்பவருக்கும் ரைடு அன்று காபி பலன் தரும். ஆகவே நிறுத்தத் தேவையே இல்லை. வழக்கமான இரண்டு டம்ளரைத் தொடருங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்.

"இதுவரை இல்லாத முழங்கால் வலி"

டேப்பரில் உடம்பின் மூலை முடுக்கெல்லாம் வலிப்பது போலத் தோன்றும். இன்று இடது முழங்கால், நாளை வலது இடுப்பு என்று இடம் மாறினால், ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மறைந்தால், விட்டுவிடுங்கள். ஒரே புள்ளியில் இருக்கிறது, மிதிக்க மிதிக்கக் கூடுகிறது, படி இறங்கும்போது குத்துகிறது, வீக்கமோ சூடோ இருக்கிறது என்றால் அது நிஜம்.

நிஜமென்றால் உடம்பைப் பார்க்கும் முன் சைக்கிளைப் பாருங்கள். கடைசியாக எதை மாற்றினீர்கள்? சர்வீஸுக்கு விட்டீர்களா, ரயிலிலோ காரிலோ ஏற்ற சீட்போஸ்ட்டைக் கழற்றினீர்களா, ஷூவில் புது கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு) போட்டீர்களா? சீட் 5 மிமீ இறங்கினாலே முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கலாம். அதிகம் ஏறினால் பின்பக்கம் இழுக்கும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை அளந்து எழுதி வையுங்கள், சீட்போஸ்ட்டில் எலக்ட்ரிகல் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். அடுத்த தடவை ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பழைய கிளீட்டைக் கழற்றும் முன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டிருந்தால் புதியது அதே இடத்தில் உட்காரும்.

அளவு சரியாக இருந்தும் வலித்தால் மூன்று நாள் ஓட்ட வேண்டாம், ஐஸ் 15 நிமிடம், நடை மட்டும். வெள்ளி காலை 15 கிமீ ரைடில் வலியில்லாவிட்டால் போகலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போட்டு வலியை மறைத்துக்கொண்டு கிளம்புவது மோசமான யோசனை. நாள் முழுக்க வியர்த்து நீர்ச்சத்துக் குறைந்த உடம்பில் அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும்.

கடைசி மூன்று நாளில் யாராவது ஆழமாக அமுக்கி மசாஜ் செய்ய வந்தால் மறுத்துவிடுங்கள். அந்த வலி தீரவே இரண்டு நாள் ஆகும்.

"தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல்"

கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கொழுகல், லேசான தொண்டை வலி, காய்ச்சல் இல்லை என்றால், வேகப் பகுதிகளை விட்டுவிட்டு 20 நிமிடம் மெதுவாக ஓட்டலாம், அல்லது ஓய்வெடுக்கலாம். கழுத்துக்குக் கீழே இறங்கினால், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, குளிர், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், சைக்கிளைத் தொடக் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக உழைத்தால் இதயத் தசை அழற்சி வரும் அபாயம் இருக்கிறது. காய்ச்சல் முழுதாக நின்று ஒரு வாரமாவது ஆன பிறகே நீண்ட தூரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் ரைடு சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன, மழையோடு டெங்குவும். மழைக்காலத்தில் திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை எதுவும் வேண்டாம், ரத்தப் பரிசோதனை அவசியம். முக்கியமான விஷயம்: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது. "வியாழக்கிழமையே காய்ச்சல் விட்டுவிட்டது, சனிக்கிழமை போகலாம்" என்ற கணக்கு இங்கே உயிரோடு விளையாடுவது. கட்டிய பணம் போனால் போகட்டும்.

"ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை"

ரத்ததானம் செய்தீர்களா? பிளாஸ்மா ஓரிரு நாளில் ஈடாகிவிடும், ஆனால் சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரப் பல வாரம் ஆகும். ரைடு காலண்டரைப் பார்த்து இரண்டு மாதம் முன்போ முடிந்த பிறகோ கொடுங்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் வேகத்தைக் குறைத்து நேர வரம்புக்குள் முடிப்பது மட்டும் இலக்கு.

இரண்டாவது காரணம் வெயில். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஏழரைக்கு வீடு திரும்புகிறவர்களின் உடம்புக்கு மதியம் ஒரு மணி வெயில் அந்நியம். வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பழகியது இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். முந்தைய வாரத்து ரைடுகளில் இரண்டை 9 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். கடைசி மூன்று நாள் நிழலில் இருங்கள்.

இரண்டுமே இல்லை, நெஞ்சு வலிக்கிறது, துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றால் இந்த வழிமுறையை மூடிவிட்டு இதய மருத்துவரிடம் போங்கள்.

"மழையால் நாலு ரைடு விட்டுப்போச்சு"

விட்டது விட்டதாகவே இருக்கட்டும். கடைசி பத்து நாளில் செய்யும் பயிற்சி இந்த ரைடுக்குப் பெரிதாகச் சேராது, களைப்பு மட்டும் சேரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போய்க் காலைச் சோதிப்பதைப் பிரெவே முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"உட்காரும் இடத்தில் கட்டி"

டேப்பரின் பலனாகத் தோல் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால் வியர்த்த ஷார்ட்ஸோடு டீக்கடையில் உட்காருவதை நிறுத்துங்கள். வீடு வந்ததும் கழற்றிக் குளித்து, தளர்வான பருத்தி உடை அணியுங்கள். அந்தப் பகுதியில் முடி மழிக்க வேண்டாம், வளரும்போது முடி தோலுக்குள் திரும்பிப் புதுக் கட்டி வரலாம். புது ஷார்ட்ஸ், புது சீட் எதையும் கடைசி இரண்டு வாரத்தில் அறிமுகப்படுத்தக் கூடாது. சீழ் கட்டி, காய்ச்சலும் வந்தால் ரைடு வேண்டாம்.

"சர்வீஸ் முடிந்து வந்ததும் புதுச் சத்தம்"

சர்வீஸை ஒரு வாரம் முன்பே முடித்து, 50 கிமீயாவது ஓட்டிப் பாருங்கள். புது செயின் போட்டதும் சின்னப் பற்சக்கரங்களில் அழுத்தி மிதிக்கும்போது தாவினால் பழைய கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) தேய்ந்திருக்கிறது. கேசட்டையும் மாற்ற வேண்டும், செயினைத் திட்டிப் பயனில்லை. புது கியர் கேபிள் முதல் 50 கிமீக்குள் இளகி உட்காரும், பேரல் அட்ஜஸ்டரை (கேபிளை இறுக்கும் திருகு) கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். டியூப்லெஸ் என்றால் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) காய்ந்திருக்கிறதா என்று டயரைக் குலுக்கிக் கேளுங்கள். நம் வெயிலில் சீக்கிரம் காயும், 30 முதல் 60 மிலி ஊற்றினால் போதும். டிசம்பர் இரவு 12 மணி நேரம் நீளும். முன்விளக்கைச் சாலையில் பயன்படுத்தும் அதே வெளிச்சத்தில் வீட்டில் எரியவிட்டு, அணையும் நேரத்தைக் குறியுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண் கதைக்கு உதவாது.

"கிளம்பும் காலையில் நெஞ்சு படபடப்பு"

தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு 4 இட்லி, சர்க்கரை அல்லது எண்ணெய் குறைந்த பொடி, ஒரு வாழைப்பழம், வழக்கமான காபி. தொடக்க இடத்தில் நாடித்துடிப்பு 10, 15 கூடுதலாக இருப்பது ஆர்வத்தால். அரை மணி நேரத்தில் இறங்கும்.

டேப்பர் நன்றாக அமைந்தவருக்கு வரும் ஒரே கோளாறு முதல் 50 கிமீயில்தான். கால் பறக்கும், 30 கிமீ வேகம் 25 போலத் தெரியும், முன்னால் போகும் கூட்டத்தை விட மனசு வராது. பக்கத்தில் ஓட்டுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம், விட்டுவிடுங்கள். முதல் 40 நிமிடத்துக்குள் சாப்பிட ஆரம்பித்து, மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும்.

ஒரு மணி நேரம் கழித்தும் மெதுவான ஓட்டத்திலேயே துடிப்பு இறங்கவில்லை, குளிர் எடுக்கிறது, வாய் கசக்கிறது என்றால் முதல் கண்ட்ரோலில் நிழலில் 15 நிமிடம் உட்கார்ந்து ஓஆர்எஸ் குடித்துப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் ரைடை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பேருந்து ஏறும் முன் அமைப்பாளருக்குப் போன் செய்து பிரெவே அட்டை எண்ணைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்க உங்களைச் சாலையில் தேடுவார்கள்.